பிரைமரியில் கைதட்டு வாங்கிய வாய், நவம்பரில் வாக்கு வாங்குமா?

2010 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் குடியரசுக் கட்சி தன் செனட் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க உட்கட்சித் தேர்தல் (பிரைமரி) நடத்தியது. கிறிஸ்டின் ஓ'டானெல் சுமார் 30,500 வாக்குகள் வாங்கி வென்றார். தோற்ற மைக் கேஸிலுக்கு 27,000. கேஸில் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு முறை ஆளுநர், ஒன்பது முறை பிரதிநிதிகள் சபை உறுப்பினர். எதிர்க்கட்சிக்காரர்களே வாக்களித்துப் பழகிய பெயர். அவர் நின்றால் இடம் குடியரசுக் கட்சிக்குத்தான் என்று இரண்டு கட்சிகளும் கணக்குப் போட்டு வைத்திருந்தன. ஏழு வாரம் கழித்து நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் ஓ'டானெல் 1.23 லட்சம் வாக்குகளோடு நின்றுவிட்டார். ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸுக்கு 1.74 லட்சம்.

ஓ'டானெல் பல ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சியில் பில்லி சூனியம் பற்றிப் பேசிய பழைய துணுக்கு வெளியே வந்ததும், "நான் சூனியக்காரி இல்லை" என்று தொடங்கும் விளம்பரம் ஒன்றை அவரே எடுத்து ஓட்டினார். அந்த நிலைக்கு வந்துவிட்ட வேட்பாளருக்கு வரி, வேலை, ஓய்வூதியம் பற்றியெல்லாம் பேச நேரம் கிடைக்காது.

இதைக் காட்டித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர் கட்சிக்குள் ஜெயிப்பார், ஊருக்குள் தோற்பார் என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாதி உண்மை. ட்ரம்ப் 2016இல் ஜெயித்தார். ரேண்ட் பால் 2010இல் ஜெயித்தார். ஸோரான் மம்தானி 2025இல் நியூயார்க் மேயர் தேர்தலில் ஜெயித்தார். யாருமே வாயை அடக்கிப் பழகியவர்கள் இல்லை. தோற்றவர்களையும் ஜெயித்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேச்சின் காரம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பேச்சு வாக்காளரின் எதைத் தொட்டது என்பதில்தான் வித்தியாசம்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்

நம் ஊரில் கட்சித் தலைமை கையெழுத்திட்ட ஏ, பி படிவங்கள் வந்தால் வேட்பாளர், வராவிட்டால் சுயேச்சை. அமெரிக்காவில் கட்சித் தலைமைக்கு அந்த அதிகாரம் இல்லை. பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் யார் ஜெயிக்கிறாரோ அவர்தான் வேட்பாளர், தலைமைக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

அதில் வாக்களிக்க வருகிறவர்கள் குறைவு. அதிபர் தேர்தல் இல்லாத வருடங்களில் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், அதுவும் இரண்டு கட்சிக்கும் சேர்த்து. டெலவேர் போன்ற மாநிலங்களில் அந்தந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அந்தக் கட்சிப் பிரைமரியில் வாக்களிக்கலாம், மூடிய பிரைமரி. மிசோரி போன்ற மாநிலங்களில் யாரும் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டையும் கேட்டு வாங்கலாம்; திறந்த பிரைமரி. திறந்து வைத்தால் மிதவாதிகள் ஜெயிப்பார்கள் என்று நினைப்பது வழக்கம். நடப்பில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. கதவு திறந்திருந்தாலும் ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமையில் வேலையை விட்டு வருகிறவர் அரசியலில் ஊறிய ஆள்தான்.

இன்னொரு ஓட்டை, பல பேர் நிற்கும்போது வாக்கு சிதறுவது. 2012இல் மிசோரி குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரியில் டாட் அகின் ஜெயித்தது 36 சதவீத வாக்கில். மீதி 64 சதவீதத்தில் பெரும்பங்கை மற்ற இருவர் பிரித்துக்கொண்டார்கள். டெக்சஸ், ஜார்ஜியா போன்ற சில மாநிலங்களில் 50 சதவீதம் தாண்டவில்லையென்றால் முதல் இருவருக்கு மறுசுற்று உண்டு. மிசோரியில் கிடையாது. உரத்த குரலுக்கு 35 சதவீதம் உறுதியான ஆதரவு இருந்து, அடக்கமான குரல்கள் இரண்டு மூன்றாக நின்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

வாக்கு எந்தப் பக்கமாக ஒழுகுகிறது

ஸ்டான்ஃபோர்டின் ஆண்ட்ரூ ஹால் 1980 முதல் 2010 வரையிலான பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். பிரைமரியில் தீவிரமானவரும் மிதமானவரும் மோதி, தீவிரமானவர் மயிரிழையில் ஜெயித்த இடங்களையும் மயிரிழையில் தோற்ற இடங்களையும் ஒப்பிட்டால் நவம்பரில் என்ன ஆகிறது? மயிரிழை வெற்றி என்பதால் தொகுதியின் குணம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான்; எனவே வித்தியாசம் வேட்பாளரால் வந்தது. தீவிரமானவரை நிறுத்திய கட்சியின் வாக்கு 9 முதல் 13 சதவீதப் புள்ளி வரை குறைந்திருந்தது. ஜெயிக்கும் வாய்ப்பு 35 முதல் 54 புள்ளி வரை விழுந்திருந்தது.

ஹால் 'தீவிரம்' என்று அளந்தது பேச்சின் தொனியை அல்ல. யார் யாரிடமிருந்து நன்கொடை வருகிறது என்பதை வைத்துக் கணித்த கொள்கை நிலையை. இதை மறந்துவிட்டு, சத்தமாகப் பேசுகிறவர்களுக்கு எல்லாம் 9 புள்ளி கழித்துப் பார்ப்பது தப்பு.

பிறகு டேனியல் தாம்சனோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு, வாக்கு குறைவது எப்படி என்று பார்த்தது. நடுநிலை வாக்காளர் முகம் சுளித்துக் கட்சி மாறுகிறார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவர்கள் கண்டது வேறு: தீவிர வேட்பாளர் நின்றால், வாக்களிக்க வருகிறவர்களில் எதிர்க்கட்சிக்காரர்களின் பங்கு ஏறுகிறது. அதாவது, நம் ஆட்களைக் கிளப்பிவிட வந்தவர் எதிராளியின் ஆட்களைக் கிளப்பிவிடுகிறார். "எங்கள் தொண்டர்கள் எழுச்சியோடு வருவார்கள், அது போதும்" என்று வாதாடும் ஆலோசகர்களுக்கு இந்த முடிவு கசக்கும்.

இவையெல்லாம் 2014 வரையிலான படம். அதன்பிறகு கட்சிப்பற்று இறுகிவிட்டது. இப்போது வேட்பாளர் யாராக இருந்தாலும் தன் கட்சிக்கே குத்துகிறவர்கள் அதிகம். எனவே அபராதமும் குறைந்திருக்கிறது. மறைந்துவிடவில்லை. நெருக்கமான மாநிலத்தில் 3 புள்ளி போனாலே இடம் போய்விடும்.

தொனியும் கொள்கையும்

2010 நெவாடா செனட் போட்டியை நிதானமாகப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் அங்கே ஒப்பிட்டுப் பார்க்க எல்லாமே ஒரே நாளில், ஒரே வாக்குச்சீட்டில் இருக்கிறது. செனட் பெரும்பான்மைத் தலைவரான ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட் சொந்த மாநிலத்தில் செல்வாக்கு இழந்திருந்தார். வேலையின்மை உச்சத்தில். குடியரசுக் கட்சியில் முதலில் முன்னணியில் இருந்தவர் சூ லோடன், மிதமான ரகம். அவரே வாயால் கெட்டார்: மருத்துவரிடம் பேரம் பேசலாம், அந்தக் காலத்தில் கோழியைக் கொடுத்து வைத்தியம் பார்த்துக்கொண்டார்களே என்று சொல்லப்போய், கோழி வேடம் போட்டவர்கள் அவர் கூட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் ஷேரன் ஆங்கிள் சுமார் 40 சதவீத வாக்கோடு பிரைமரியில் ஜெயித்தார்.

ஆங்கிள் முன்னர் பேசியிருந்தவற்றில் ரீடின் ஆட்கள் பொறுக்கி எடுத்தது இரண்டு. ஒன்று, காங்கிரஸ் சரியாக நடக்காவிட்டால் மக்கள் துப்பாக்கி உரிமையின் வழியில் தீர்வு தேடக்கூடும் என்ற பொருளில் வந்த பேச்சு. இரண்டு, முதியோருக்கு மாதாமாதம் வரும் சோஷியல் செக்யூரிட்டியைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்றது. முதலாவது தலைப்புச் செய்தி ஆனது. தேர்தலில் ஆங்கிளை வீழ்த்தியதில் இரண்டாவதற்குத்தான் கூடுதல் பங்கு என்று நான் கருதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் பலர் வாழும் மாநிலம் அது. அவர் பேசிய துணுக்கையே எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கடைசிக் கருத்துக்கணிப்புகளின் சராசரியில் ஆங்கிள்தான் முன்னிலை. பெட்டியைத் திறந்தபோது ரீட் 50.3, ஆங்கிள் 44.6.

அதே வாக்குச்சீட்டில் ஆளுநர் தேர்தல். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ரோரி ரீட், ஹாரி ரீடின் மகன். குடியரசுக் கட்சியின் பிரையன் சாண்டவால், நிதானமான முன்னாள் நீதிபதி. மகன் சுமார் 12 புள்ளியில் தோற்றார், அப்பா ஏறக்குறைய 6 புள்ளியில் ஜெயித்தார். அதே மாநிலம், அதே நாள், அதே குடும்பப் பெயர். கட்சி அலை குடியரசுக் கட்சிப் பக்கம்தான் அடித்தது. ஆங்கிளால் அதில் ஏற முடியவில்லை.

இப்போது 2016 ட்ரம்ப். பேச்சின் காரத்தில் ஆங்கிளைவிட எந்த வகையிலும் குறைந்தவர் இல்லை. ஆனால் பிரைமரி மேடையில் மற்ற குடியரசுக் கட்சிக்காரர்கள் ஓய்வூதியச் செலவைக் குறைப்போம் என்றபோது, சோஷியல் செக்யூரிட்டியிலும் முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேரிலும் கைவைக்க மாட்டேன் என்றார். ஈராக் போர் பெரிய தவறு என்று தென் கரோலினாவில், புஷ் குடும்பத்துக்குச் செல்வாக்குள்ள இடத்தில், முகத்துக்கு நேரே சொன்னார். வர்த்தக ஒப்பந்தங்களைத் திட்டினார். இந்த மூன்றிலும் அவர் தன் கட்சியின் தலைமையைவிட மத்திய மேற்கு மாநிலங்களின் சாதாரண வாக்காளருக்குப் பக்கத்தில் நின்றார். குடியேற்றத்தில் நின்ற இடம் வேறு; அங்கே கொள்கையும் கடுமை, தொனியும் கடுமை. ஆனாலும் வயதான வெள்ளைத் தொழிலாளியின் மாத வருமானத்தில் அவர் கைவைக்கப்போகிறார் என்று விளம்பரம் எடுக்க எதிராளிக்குத் துணுக்கு கிடைக்கவில்லை.

வாய்தான் அவரை ஜெயிக்க வைத்தது என்பவர்கள் ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும். 2016இல் ட்ரம்ப் பெற்றது 46.1 சதவீதம். நான்கு வருடம் முன்பு தோற்றுப்போன, பவ்வியமான மிட் ராம்னி பெற்றதோ 47.2. ஒட்டுமொத்தத்தில் வாக்குச் சதவீதம் பெருகவில்லை, இடம் மாறியது. அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியான வெற்றிதான். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்துச் சுமார் 78,000 வாக்கு வித்தியாசம் போதுமானதாக இருந்தது.

எதிரில் யார் என்பதும் இருக்கிறது. அந்த வருட வாக்குச்சாவடி வெளியேறல் கணிப்பில், வாக்களித்தவர்களில் 18 சதவீதம் பேர் ட்ரம்ப், ஹிலரி கிளின்டன் இருவரையுமே பிடிக்கவில்லை என்றார்கள். அவர்களில் 47 சதவீதம் ட்ரம்புக்கும் 30 சதவீதம் கிளின்டனுக்கும் போட்டார்கள். எதிராளி பலருக்கும் ஆகாதவராக இருக்கும்போது, 'இவர் வாய் சரியில்லை' என்பது வாக்காளருக்குத் தீர்மானமான காரணம் ஆவதில்லை.

2012இன் இரண்டு தோல்விகளும் இந்தக் கோட்டிலேயே விழுகின்றன. மிசோரியில் அகின், இந்தியானாவில் ரிச்சர்ட் மர்டாக்; இருவருமே வன்புணர்வால் உண்டாகும் கர்ப்பத்தைப் பற்றிப் பேசி மாட்டிக்கொண்டவர்கள். குரலை உயர்த்திக்கூடப் பேசவில்லை. அகின் பேசியது உள்ளூர்த் தொலைக்காட்சியின் சாவதானமான பேட்டி. சொன்னது பெண்ணின் உடம்பைப் பற்றி, சட்டம் எப்படி அமைய வேண்டும் என்பதைப் பற்றி. நவம்பர் தேர்தலில் ராம்னி மிசோரியில் 53.8 சதவீதம் வாங்கினார், அகினுக்கு 39.1. ஏறக்குறைய 15 புள்ளி இடைவெளி, அதுவும் தன் கட்சி ஜெயித்த மாநிலத்தில். அடுத்த மாநிலமான கென்டக்கியில் 2010இல் ரேண்ட் பால் 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஒரு பகுதியைப் பற்றித் தத்துவ விவாதமாகப் பேசி நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். பின்னர் அந்தச் சட்டத்தை நீக்கக் கோர மாட்டேன் என்று மறுநாளே நிறுத்திக்கொண்டார். நவம்பரில் ஏறக்குறைய 11 புள்ளியில் ஜெயித்தார். கென்டக்கி அவ்வளவு உறுதியான குடியரசுக் கட்சி மாநிலம் என்பது ஒரு காரணம். அவர் வாயை மூட வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது இன்னொரு காரணம்.

எதிராளியே தேர்ந்தெடுக்கும் எதிராளி

அகின் பிரைமரியில் ஜெயித்ததற்கு ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கிலும் செலவு செய்தார். சுமார் 17 லட்சம் டாலர். அகின் தன் முழுப் பிரைமரிக்கும் செலவிட்டதைவிட அது அதிகம். விளம்பரத்தின் சூட்சுமம் எளிது: "அகின் மிதமிஞ்சிய பழமைவாதி" என்று திட்டுவது. பொதுமக்களுக்கு அது குற்றச்சாட்டு. குடியரசுக் கட்சிப் பிரைமரி வாக்காளருக்கு அதுவே சிபாரிசுக் கடிதம்.

2022இல் இது வழக்கமான கருவி ஆகிவிட்டது. பென்சில்வேனியா ஆளுநர் போட்டியில் ஜாஷ் ஷபீரோ, டக் மாஸ்ட்ரியானோவை இதே மாதிரி 'திட்டி' விளம்பரம் ஓட்டினார்; நவம்பரில் சுமார் 15 புள்ளியில் ஜெயித்தார். மிச்சிகனில் ட்ரம்பைப் பதவிநீக்கம் செய்ய வாக்களித்த குடியரசுக் கட்சி உறுப்பினர் பீட்டர் மேயரை, ஜான் கிப்ஸ் பிரைமரியில் தோற்கடித்தார். கிப்ஸைத் தூக்கிவிடும் விளம்பரத்துக்கு ஜனநாயகக் கட்சியின் பிரச்சாரக் குழு 4 லட்சம் டாலருக்குமேல் கொடுத்தது. கிப்ஸ் சுமார் 13 புள்ளியில் தோற்றார்.

வேலை செய்கிறது என்பதால் சரியாகிவிடாது. மனசாட்சிப்படி வாக்களித்த எதிர்க்கட்சிக்காரரைக் கழுத்தறுக்க உதவிவிட்டு, ஜனநாயகம் ஆபத்தில் என்று மேடையில் பேசுவது பார்க்கச் சகிக்கவில்லை. நடைமுறை ஆபத்தும் உண்டு. அலை எதிர்ப்பக்கம் அடிக்கும் வருடத்தில் இப்படித் தூக்கிவிட்ட ஆள் ஜெயித்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.

நடுவுக்கு நகர்வது

பிரைமரி முடிந்ததும் பேச்சைத் திருப்பிக்கொள்ளலாமே என்று தோன்றும். காலமும் கேமராவும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

காலக் கணக்கைப் பார்ப்போம். கூட்டாட்சிச் சட்டப்படி ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் 45 நாள் முன்பே வாக்குச்சீட்டு அனுப்பியாக வேண்டும். பல மாநிலங்களில் அக்டோபரிலேயே முன்கூட்டிய வாக்களிப்பு தொடங்கிவிடும். 2022இல் நியூ ஹாம்ப்ஷயரின் செனட் பிரைமரி செப்டம்பர் 13. தேர்தல் நவம்பர் 8. எட்டு வாரம். முன்னாள் ராணுவ ஜெனரல் டான் போல்டக் அந்தப் பிரைமரியில் 2020 தேர்தலில் ட்ரம்ப்தான் ஜெயித்தார் என்று அடித்துச் சொன்னவர். ஆகஸ்ட் விவாத மேடையிலும் அதிலிருந்து இறங்க மாட்டேன் என்றார். ஜெயித்து இரண்டே நாளில், ஆராய்ந்து பார்த்தேன், தேர்தல் திருடப்படவில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார். நம்பியவருக்குத் துரோகம், நம்பாதவருக்கு நாடகம். அக்டோபர் கடைசியில் செனட் குடியரசுக் கட்சியினரின் பெரிய நிதிக்குழு அங்கே ஒதுக்கியிருந்த 56 லட்சம் டாலர் விளம்பரத்தை ரத்து செய்தது. போல்டக் 9 புள்ளியில் தோற்றார். அதே வாக்குச்சீட்டில் குடியரசுக் கட்சி ஆளுநர் கிறிஸ் சுனுனு 15 புள்ளிக்குமேல் ஜெயித்தார்.

நிதி ரத்தாவது வெறும் மனக்குறை இல்லை. பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாளில் தொலைக்காட்சி நிலையங்கள் வேட்பாளருக்குக் குறைந்தபட்ச கட்டணத்தில் விளம்பர நேரம் தர வேண்டும் என்பது சட்டம். வெளிக்குழுக்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதே முப்பது விநாடிக்கு அவர்கள் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். எனவே கையில் சொந்தப் பணம் உள்ள வேட்பாளருக்கு ஒரு டாலர் அதிக தூரம் போகும். பிரைமரியில் கைப்பணத்தை எல்லாம் தீர்த்துவிட்டு, பெரிய நன்கொடையாளர்களையும் பகைத்துக்கொண்டு வருகிறவர் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்.

கேமரா விஷயம் 2006இல் வர்ஜீனியாவில் தெரிந்தது. எதிராளியின் கூட்டங்களுக்குக் கேமராவோடு போய் எல்லாவற்றையும் பதிவு செய்வதற்கென்றே கட்சிகள் ஆள் வைக்கின்றன. செனட்டர் ஜார்ஜ் ஆலன் அப்படித் தன்னைப் பின்தொடர்ந்த இந்திய வம்சாவளி இளைஞரைப் பார்த்து 'மக்காக்கா' என்று இழிவாகச் சொன்னது இணையத்தில் பரவியது. சுமார் 9,300 வாக்கில் செனட் இடம் போனது. இப்போது தனியாக ஆள் வைக்க வேண்டியதுகூட இல்லை. கூட்டத்தில் எல்லோர் கையிலும் கேமரா.

பக்கத்தை அழிப்பதும் உதவாது. 2022இல் அரிசோனாவில் பிளேக் மாஸ்டர்ஸ் பிரைமரியில் ஜெயித்த பிறகு தன் இணையதளத்தில் கருக்கலைப்பு பற்றிய கடும் வாசகங்களை நீக்கினார். பழைய பக்கமும் புதிய பக்கமும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகச் செய்தியானது. கொள்கை எல்லோருக்கும் தெரிந்ததோடு, அவரே அதை ஒளிக்க நினைத்தார் என்பதும் தெரிந்துவிட்டது.

ஒழுங்காக நகர்ந்தவர்களிடம் ஒரு பொதுத்தன்மை உண்டு. முன்பு சொன்னதை இல்லையென்று சொல்லாமல், பேசும் பொருளை மாற்றுவார்கள். வர்ஜீனியாவில் 2021இல் க்ளென் யங்கின் ஆளுநர் பதவிக்குக் கட்சிக்குள் போட்டியிட்டபோது தேர்தல் நேர்மை பற்றிப் பேசினார். வேட்பாளரான பிறகு பள்ளிக்கூடம், மளிகைப் பொருள் மீதான வரி. ட்ரம்பை ஒதுக்கவும் இல்லை, மேடையில் ஏற்றவும் இல்லை. பைடன் 10 புள்ளியில் ஜெயித்த மாநிலத்தில் 2 புள்ளியில் ஜெயித்தார்.

மம்தானி செய்தது இன்னும் நுணுக்கமானது. 2020இல் நியூயார்க் காவல்துறையை இனவெறி பிடித்தது என்று எழுதியவர். 2025 ஜூன் பிரைமரியில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்த பிறகு, காவலர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஏற்கெனவே பதவியில் இருந்த காவல் ஆணையர் ஜெசிகா டிஷ்ஷைத் தொடரச் சொல்வேன் என்று அறிவித்தார். சர்ச்சைக்குள்ளான பாலஸ்தீன ஆதரவு முழக்கம் ஒன்றைத் தாம் பயன்படுத்துவதில்லை, பிறரையும் பயன்படுத்த வேண்டாம் என்பேன் என்றார். ஆனால் வாடகை உயர்வை நிறுத்துவது, கட்டணமில்லாப் பேருந்து, இலவசக் குழந்தைப் பராமரிப்பு, இந்த மூன்றில் ஒரு அங்குலம் நகரவில்லை. பயமுறுத்திய இடத்தில் இறங்கிவந்தார். பையில் காசு மிச்சமாகும் இடத்தில் அழுத்தினார். நவம்பரில் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். 1969க்குப் பிறகு மேயர் தேர்தலில் அவ்வளவு பேர் வந்ததில்லை. மம்தானி பத்து லட்சத்துக்குமேல் பெற்றுப் பாதியைச் சற்றே தாண்டினார். குவோமோ சுயேச்சையாக நின்று சுமார் 41 சதவீதம். ஜனநாயகக் கட்சியின் கோட்டையில் அக்கட்சி வேட்பாளர் பாதியைச் சற்றே தாண்டினார் என்றால் அபராதம் அங்கேயும் இருந்தது என்று பொருள். கோட்டை பெரிது, தாங்கியது.

மண்ணைப் பார்த்துக் கழிப்பது

ஒரு போட்டியை எடைபோட விரும்புகிறவர் முதலில் அந்தத் தொகுதியில் கடந்த இரண்டு அதிபர் தேர்தல் முடிவுகளை எடுக்க வேண்டும். கட்சிக்கு எத்தனை புள்ளி மெத்தை இருக்கிறது? 20 என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை. 2018இல் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் சுமார் 17,000 வாக்குகள் பெற்று, பத்து முறை உறுப்பினராக இருந்த ஜோ க்ரௌலியைப் பிரைமரியில் வீழ்த்தினார். நவம்பரில் 78 சதவீதம். அங்கே பிரைமரிதான் தேர்தல், நவம்பர் சடங்கு. ஜார்ஜியாவில் மார்ஜரி டெய்லர் கிரீன் 2020இல் வந்ததும் அப்படித்தான்.

மெத்தை 5 புள்ளிக்குள் என்றால், அதே வாக்குச்சீட்டில் வேறு பதவிகளுக்கு நிற்கும் தன் கட்சிக்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான அளவுகோல். 2022 அரிசோனாவில் கேரி லேக் 17,117 வாக்கில் ஆளுநர் பதவியை இழந்தார். தேர்தலுக்குச் சற்றுமுன் ஒரு கூட்டத்தில், மறைந்த ஜான் மெக்கெயினின் ஆதரவாளர்கள் யாராவது இருந்தால் வெளியே போங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னவர். அதே வாக்குச்சீட்டில், அதே கட்சியில், மாநிலப் பொருளாளர் பதவிக்கு நின்ற கிம்பர்லி யீ, லேக்கைவிட ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றுச் சுலபமாக ஜெயித்தார். லேக் தோற்ற வித்தியாசத்தைப்போலப் பல மடங்கு குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் சாவடிக்கு வந்தும், அவர் பெயருக்கு எதிரே குறி போடாமல் போனார்கள். இரண்டு வருடம் கழித்துச் செனட்டுக்கு நின்றார். ட்ரம்ப் அதே அரிசோனாவில் 5 புள்ளிக்குமேல் ஜெயித்த அன்று இவர் 2 புள்ளிக்குமேல் தோற்றார்.

வட கரோலினா 2024 இன்னும் கொடூரம். மார்க் ராபின்சன் குடியரசுக் கட்சியின் ஆளுநர் பிரைமரியில் சுமார் 65 சதவீதம் பெற்றவர். சிதறிய வாக்கில் வந்தவர் இல்லை. கருக்கலைப்பு பற்றி அவரே பேசிய பழைய காணொளியைத்தான் ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைன் விளம்பரமாக ஓட்டினார். செப்டம்பரில் பழைய இணையப் பதிவுகள் பற்றிய செய்தி வந்தபோது மூழ்கிக்கொண்டிருந்த படகில்தான் கல் விழுந்தது. ட்ரம்ப் அந்த மாநிலத்தை 3 புள்ளியில் எடுத்தார், ராபின்சன் ஏறக்குறைய 15 புள்ளியில் தோற்றார்.

ட்ரம்பைப் பார்த்துப் பேசக் கற்றவர்கள் பலர் இப்படி அடிவாங்குவது ஏன் என்பதற்கு இந்த மாநிலங்களே விடை. அவருடைய தொனியை எடுத்துக்கொண்டார்கள். அரசியலுக்கு வெளியே முப்பது வருடம் எல்லோர் வீட்டிலும் தெரிந்த முகம், ஓய்வூதியத்தில் கைவைக்காத வாக்குறுதி, பிடிக்காத எதிராளி, இவை எதுவும் அவர்களிடம் இல்லை.

விதியையே மாற்றிப் பார்த்த மாநிலம் அலாஸ்கா. 2010இல் செனட்டர் லிசா முர்கௌஸ்கி, ஜோ மில்லரிடம் பிரைமரியில் சுமார் 2,000 வாக்கில் தோற்றார். பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரியில் தோற்றவர் பொதுத்தேர்தல் சீட்டில் பெயர் சேர்க்க முடியாது. எனவே அவர் வாக்காளர்களைத் தன் பெயரைக் கையால் எழுதச் சொன்னார். எழுத்துப் பிழை வரக்கூடாதே என்று பெயர் அச்சிட்ட மணிக்கட்டுப் பட்டைகளைக்கூட விநியோகித்தார்கள். ஜெயித்தார், 1954க்குப் பிறகு அப்படிச் செனட்டுக்கு வந்தவர் வேறு யாரும் இல்லை. 2022 முதல் அங்கே கட்சி வாரியான பிரைமரியே கிடையாது. எல்லோரும் ஒரே பிரைமரியில், முதல் நான்கு பேர் நவம்பருக்கு, நவம்பரில் விருப்ப வரிசை வாக்கு, அதாவது வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவது. அந்த வருடம் ட்ரம்ப் ஆதரவு பெற்ற கெல்லி ஷிபாக்கா முதல் விருப்பத்தில் முர்கௌஸ்கியை ஒட்டியே வந்தார், ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. அடுத்தடுத்த விருப்பங்களை எண்ணியபோது முர்கௌஸ்கி 53.7 சதவீதத்துக்குப் போனார். 2024இல் இந்த முறையையே ஒழிக்கலாமா என்று அலாஸ்கா வாக்காளர்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.